பட்டமரம் என்று யாரைச் சொல்வது?

டோல்கேட் மெட்ரோ நிலையத்திலிருந்து கடற்கரைப் பக்கமாகப் பிரியும் தெருக்களில் ஒன்றில் என் வீடு இருக்கிறது. சில வாரங்களுக்கு முன் அதே தெருவில் ஒரு வீட்டில் மாலை ஜெபக்கூட்டம் நடந்தது. வெளியிலிருந்து அழைக்கப்பட்டிருந்த போதகர், இயேசு அத்திமரத்தைச் சபித்த பகுதியை எடுத்துக்கொண்டு பேசினார். கனி கொடாத மரம் அடுப்புக்குத்தான் என்றார். கனியில்லாத குடும்பங்களுக்காகத் தனியே ஜெபிக்கப்போவதாகச் சொல்லி, குழந்தையில்லாத பெண்களை எழுந்து முன்னே வருமாறு அழைத்தார். வாசலோரம் அமர்ந்திருந்த என் அத்தை எழுந்தார். முன்னே செல்லவில்லை. அடுப்பில் பால் வைத்திருப்பதாக அருகிலிருந்தவரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அவருக்கு வயது எழுபத்தொன்று. அன்று எங்கள் வீட்டு அடுப்பில் பால் எதுவும் இல்லை.

இரவு சாப்பிடும்போது கேட்டார்: "ஏம்பா, நீ படிச்சவனாச்சே. பைபிள்ல மரம்னு வந்தாலே அது என்ன மாதிரி ஆளுங்களத்தான் சொல்லுதா?"

என்னையும் என் தங்கையையும் வளர்த்து ஆளாக்கியவர் அவர். அரை நூற்றாண்டாக 'காய்க்காத மரம்' என்ற சொல்லைத் திருமண வீடுகளிலும் வளைகாப்புகளிலும் கேட்டுக் கேட்டுப் பழகியவர். ஊர் சொன்னபோது பொறுத்துக்கொண்டவருக்கு, வேதமே சொல்கிறது என்றபோது பொறுக்கவில்லை. நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இறையியல் கற்றவன் இல்லை. ஆயினும் அந்தக் கேள்விக்குப் பதில் தேடி எபிரேய வேதத்தையும் புதிய ஏற்பாட்டையும் மரம் மரமாகப் படித்துப் பார்த்தேன். கண்டதை இங்கே எழுதுகிறேன். இது கிறிஸ்தவருக்கு மட்டுமான செய்தி என்று நான் நினைக்கவில்லை. கனியைக் காட்டிப் பெண்ணை அளக்கும் பழக்கம் நம்மில் எல்லாச் சமயத்தாருக்கும் பொது.

முதலில் மொழிபெயர்ப்பைப் பற்றிச் சில சொற்கள். சீகன்பால்க் தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. பின்னர் சென்னை வேப்பேரியிலிருந்து பப்ரிசியுஸ் செய்த மொழிபெயர்ப்பு, பவர் தலைமையிலான குழு திருத்தி 1871இல் முழுமையாக வெளியிட்ட பதிப்பு, கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து 1995இல் கொண்டுவந்த திருவிவிலியம் என்று ஒரு நீண்ட வரிசை உண்டு. இவர்கள் எல்லாருக்கும் ஒரு தொல்லை இருந்தது. பாலஸ்தீன மலைச்சரிவுகளில் வளரும் மரங்களில் பலவற்றைத் தமிழ் வாசகர் கண்டதில்லை. ஆகவே சிலவற்றை மூலப்பெயரோடே விட்டுவிட்டார்கள்: கேதுரு, ஒலிவம், கொப்பேர், சீத்திம், தூதாயீம். வேறு சிலவற்றுக்கு நம் மண்ணில் உறவு தேடினார்கள். ஆப்பிள் என்று ஆங்கிலத்தில் வழங்கும் எபிரேய 'தப்புவாஹ்', சாலொமோனின் உன்னதப்பாட்டில் கிச்சிலியாயிற்று. கெட்டுப்போன இளைய மகன் பன்றிகளோடு பங்குபோட ஆசைப்பட்ட தீனி, கிரேக்க மூலத்தில் கரோப் மரத்தின் நெற்று. தமிழில் அது தவிடு. யோனாவுக்கு நிழல் கொடுத்த செடியை ஆமணக்கு என்றார்கள். கொருக்குப்பேட்டை ரயில் பாதையோரம் ஆமணக்கைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தக் கதை மிக நெருக்கமானது.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது பனை. 'தாமார்' என்ற எபிரேயச் சொல் பேரீச்சையைக் குறிக்கும். இஸ்ரவேலர் ஏலிமில் தங்கியபோது அங்கே நின்ற எழுபது மரங்களைத் தமிழ் வேதாகமம் பேரீச்சை என்றே சொல்கிறது. ஆனால் நீதிமானுக்கு உவமை சொல்லும் 92ஆம் சங்கீதத்தில் அதே சொல் பனையாகிவிடுகிறது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று இதைத் தள்ளிவிட முடியாது. பேரீச்சையிலும் பனையிலும் ஆண் வேறு, பெண் வேறு. ஆண்பனை காய்க்காது. ஆயினும் பாளை சீவினால் பதநீர் தரும். ஓலையும் மட்டையும் நாரும் தரும். காய்க்காத பனை வீண் என்று ஒரு பனையேறியிடம் சொல்லிப் பாருங்கள். நம் மாநில மரத்தையே நீதிமானுக்கு உவமையாக்கியபோது மொழிபெயர்ப்பாளர் இவ்வளவையும் எண்ணியிருக்க மாட்டார். உவமை தானே வளர்ந்துகொண்டது.

இனி ஏதேனுக்கு வருவோம். உலகம் முழுவதும் ஆப்பிள் என்று நம்பும் அந்தக் கனிக்கு ஆதியாகமத்தில் பெயரே இல்லை. லத்தீன் மொழியில் ஆப்பிளைக் குறிக்கும் சொல்லும் தீமையைக் குறிக்கும் சொல்லும் 'மாலும்' என ஒரே எழுத்துகளில் அமைந்தன. ஐரோப்பிய ஓவியர்கள் கையில் அது ஆப்பிளாகவே நிலைத்தது. யூத ரபிகள் வேறு விதமாக விவாதித்தார்கள். தல்மூதில் ஒருவர் திராட்சை என்கிறார், ஒருவர் அத்தி என்கிறார், மற்றொருவர் கோதுமை என்கிறார். கூடாரப் பண்டிகையில் கையிலேந்தும் எத்ரோக் என்ற நார்த்தை இனத்துக் கனி என்றும் ஒரு கருத்து உண்டு. இந்த விவாதம் இடம்பெறும் பழைய ஆதியாகம விளக்க நூலில் இன்னொரு குரலும் கேட்கிறது. அந்த மரம் எதுவென்று கடவுள் வெளிப்படுத்தவில்லை, இனியும் வெளிப்படுத்த மாட்டார் என்கிறது அது. ஒன்றைச் சுட்டிக்காட்டி, இதனால்தான் கேடு வந்தது என்று மக்கள் பேசும்படி ஆகக்கூடாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அவமானத்தைச் சுட்டுவிரலால் பரப்பக்கூடாது என்று மரத்தைக் குறித்தே இத்தனை கவலைப்பட்டிருக்கிறார்கள். குழந்தையில்லாதவர்கள் எழுந்து முன்னே வாருங்கள் என்ற அழைப்பு அப்போது என் நினைவுக்கு வந்தது.

அத்திக்கு வேதத்தில் பல முகங்கள். ஆதாமும் ஏவாளும் உடுத்திக்கொண்டது அத்தியிலை. சாலொமோனின் காலத்தையும், மீகா தீர்க்கதரிசி கனவு கண்ட எதிர்காலத்தையும் விவரிக்கும்போது, ஒவ்வொருவரும் தம் திராட்சைக் கொடியின் கீழும் தம் அத்திமரத்தின் கீழும் அச்சமின்றி அமர்ந்திருப்பார்கள் என்று வருகிறது. அங்கே அத்தி என்பது சொந்த வீடு, பயமில்லாத வாசல். பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருப்பவர்கள் நிறைந்த எங்கள் தெருவில் அதன் பொருளை யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

சபிக்கப்பட்ட அத்தி மாற்கு நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில் வருகிறது. அது அத்திப்பழக் காலம் அல்லவென்று மாற்கே எழுதியிருக்கிறார். பிறகு ஏன் சாபம் என்று வாசகர் திகைப்பது இயல்பு. மாற்கு இக்கதையை இரண்டாகப் பிளந்து, நடுவில் வேறொரு நிகழ்ச்சியை வைத்திருக்கிறார். எருசலேம் ஆலயத்தில் காசு மாற்றுவோரின் பலகைகளை இயேசு கவிழ்த்தது அந்நிகழ்ச்சி. மரத்துக்கும் ஆலயத்துக்கும் உள்ள உறவு அந்த அமைப்பிலேயே இருக்கிறது. பாலஸ்தீனத்து அத்தியில் இலை விடும் பருவத்திலேயே சிறு பிஞ்சுகளும் தோன்றும். தழைத்த இலையோடு, பிஞ்சும் இல்லாமல் நின்ற அந்த மரம், வெளியே வழிபாடும் உள்ளே வணிகமுமாக இருந்த ஒரு பெரிய நிறுவனத்தின் அடையாளம். பல விவிலிய அறிஞர்கள் இவ்வாறே விளக்குகிறார்கள். அந்தச் சாபத்தைத் தூக்கிவந்து டோல்கேட்டில் ஒரு வாடகை வீட்டின் வாசலோரம் அமர்ந்திருக்கும் கிழவியின் மேல் வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. அதைக் கேட்டு நடுங்க வேண்டியவர்கள் மேடையில் இருப்பவர்கள்.

லூக்கா நற்செய்தியில் இந்தச் சாபக் கதையே கிடையாது. அதற்கு மாறாக 13ஆம் அதிகாரத்தில் ஓர் உவமை இருக்கிறது. மூன்று ஆண்டுகளாகக் கனியில்லை என்று தோட்டக்காரனிடம் மரத்தை வெட்டச் சொல்கிறார் உடைமையாளர். தோட்டக்காரனோ இன்னும் ஓராண்டு பொறுக்கும்படி கேட்கிறான். சுற்றிலும் கொத்தி எருப் போடுகிறேன் என்கிறான். அந்த ஆண்டின் முடிவில் மரம் காய்த்ததா, வெட்டப்பட்டதா என்று லூக்கா சொல்லவே இல்லை. கதை தோட்டக்காரனின் மன்றாட்டோடு நின்றுவிடுகிறது. போதகர் வேலை என்பது எந்த வேலை என்று எனக்கு அங்கே விளங்கியது. கோடரியோடு வருவது அவர் வேலையாக இருக்க முடியாது.

கோடரி வேறோர் இடத்தில் வருகிறது. யோவான் ஸ்நானகன், மரங்களின் வேரருகே கோடரி வைக்கப்பட்டிருக்கிறது என்று எச்சரிக்கிறார். பிரசங்கங்களில் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். லூக்கா 3ஆம் அதிகாரத்தில் அடுத்த வசனத்தையும் படிக்க வேண்டும். அப்படியானால் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று மக்கள் கேட்கிறார்கள். இரண்டு அங்கி உள்ளவர் இல்லாதவருக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்கிறார் யோவான். வரி வசூலிப்போரிடம், விதித்ததற்கு மேல் வாங்காதீர்கள் என்கிறார். போர்வீரரிடம், மிரட்டிப் பணம் பறிக்காதீர்கள் என்கிறார். கனி என்றால் என்னவென்று அவர் தந்த விளக்கம் இதுதான். பிள்ளைப்பேறு பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

எங்கள் ஊர்ப் பெயரே சுங்கச்சாவடி. நகர எல்லையில் ஒருகாலத்தில் சுங்கம் வாங்கிய இடம் என்பதால் அமைந்த பெயர் அது. ஆகையால் இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளியில் சகேயு கதை தனியே பிடிக்கும். வரி வசூலிப்போரின் தலைவன், குள்ளன், இயேசுவைப் பார்ப்பதற்காகக் காட்டத்தி மரத்தில் ஏறினான். இந்தக் காட்டத்தி ஒரு சுவையான செய்தி. பாலஸ்தீனத்து அத்தி, நாம் கடையில் உலர்பழமாக வாங்கும் சீமையத்தி. நம் நாட்டு அத்தியோ அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் கொத்துக் கொத்தாகக் காய்ப்பது. சகேயு ஏறிய மரமும் அவ்வாறே காய்க்கும். தாவரவியலில் இரண்டும் நெருங்கிய உறவு. ஆக, வேதாகமத்தில் அத்தி என்று வருவது நம் அத்தி அல்ல, காட்டத்தி என்று வருவதே நம் அத்திக்குப் பங்காளி. அதன் பழம் ஏழைகளின் உணவு. ஆமோஸ் தீர்க்கதரிசி தம்மைக் காட்டத்திப்பழத் தொழிலாளி என்றே அறிமுகம் செய்துகொள்கிறார். பழம் பழுப்பதற்காக அதைக் கீறிவிடும் வேலை அது என்பார்கள். அந்த மரத்திலிருந்து இறங்கிய சகேயு என்ன கனி கொடுத்தான்? சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுத்தான். ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தர ஒப்புக்கொண்டான். அவனுக்கு மனைவி மக்கள் இருந்தார்களா என்பதை லூக்கா எழுதவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை போலும்.

திராட்சைத் தோட்டத்தின் கதையும் இதே திசையில் செல்கிறது. ஏசாயா 5ஆம் அதிகாரத்தில் கடவுள் ஒரு தோட்டம் போடுகிறார். கல் பொறுக்கி, நற்கொடி நட்டு, கோபுரம் எழுப்பி, ஆலை அமைத்துக் காத்திருக்கிறார். கிடைத்ததோ கசப்பான பழம். பிறகு உவமையை உடைத்துப் பொருளைச் சொல்லும்போது ஏசாயா இரண்டு சிலேடைகளை வைக்கிறார். 'மிஷ்பாத்' எதிர்பார்த்தார், 'மிஸ்பாக்' வந்தது. 'செதாக்கா' எதிர்பார்த்தார், 'செஆக்கா' வந்தது. நியாயத்தை எதிர்பார்த்த இடத்தில் இரத்தம் சிந்துதல். நீதியை எதிர்பார்த்த இடத்தில் நசுக்கப்பட்டோரின் கூக்குரல். ஓர் ஒலி மாறினால் நீதி அலறலாகிவிடும் என்ற இந்த நுட்பத்தைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ கொண்டுவர இயலவில்லை. அடுத்த வசனமே, பிறர் இடம் இல்லாமற் போகும்வரை வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்த்துக்கொள்வோரைச் சாடுகிறது. கசந்த திராட்சை எதுவென்பதில் ஐயத்துக்கு இடமே வைக்கவில்லை.

மோசேயின் சட்டத்தில் மரங்களுக்கென்று இருக்கும் விதிகளை நம் பிரசங்கிகள் அதிகம் தொடுவதில்லை. புதிதாக நட்ட மரத்தின் கனியை மூன்று ஆண்டுகள் உண்ணக்கூடாது. நான்காம் ஆண்டின் கனி கடவுளுக்கு உரியது. ஐந்தாம் ஆண்டில்தான் நட்டவர் உண்ணலாம் என்கிறது லேவியராகமம். மரத்தின் வயதைக் கணக்கிடுவதற்காகவே யூதர்கள் மரங்களின் புத்தாண்டு என்று ஒரு நாளை இன்றும் வைத்திருக்கிறார்கள். உபாகமத்தின்படி, ஒலிவ மரத்தை ஒருமுறை உதிர்த்தபின் கிளை கிளையாகத் திரும்பித் தேடக்கூடாது. மிச்சம் அந்நியருக்கும் திக்கற்றவருக்கும் விதவைக்கும் உரியது. அயலார் திராட்சைத் தோட்டத்தில் பசியாற உண்ணலாம், கூடையில் கட்டிக்கொண்டு போகக் கூடாது. ஒப்புரவாளனிடம் சேர்ந்த செல்வத்தை ஊர் நடுவே பழுத்த மரத்துக்கு ஒப்பிட்ட வள்ளுவருக்கு இந்தச் சட்டம் அந்நியமாகத் தோன்றியிராது. கனி யாருடையது என்ற கேள்விக்கு இரண்டு மரபும் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கின்றன.

போர்க்காலத்துக்கும் ஒரு விதி உண்டு. பகைவரின் நகரத்தை முற்றுகையிடும்போது கனிமரங்களை வெட்டக்கூடாது. உன்னை எதிர்த்துவர மரம் என்ன மனிதனா என்று அச்சட்டம் கேட்கிறது. சங்க காலத்து வேந்தர்கள் வென்றதும் முதல் வேலையாகப் பகைவனின் காவல்மரத்தை வெட்டி முரசு செய்துகொண்டதை நினைத்தால் இந்த விதியின் அருமை தெரியும். ஆனால் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: கனி தராத மரங்களை முற்றுகைக் கருவிகளுக்காக வெட்டிக்கொள்ள அதே சட்டம் இடம் தருகிறது. பிற்கால யூத அறிஞர்கள் இவ்விதியை விரித்து, பயனுள்ள எதையும் வீணாக அழிக்கலாகாது என்ற பொது நெறியாக்கினார்கள்.

கனி தராத மரங்கள் என்றேன். வேதத்தில் அவற்றுக்கும் பெருமை குறைவில்லை. மாராவின் கசந்த நீரில் மோசே போட்ட மரத்துக்குப் பெயரும் இல்லை, கனியும் இல்லை, நீர் இனித்தது. பட்டினத்தார் கையில் பேய்க்கரும்பு இனித்த இடமாகத் திருவொற்றியூரைப் போற்றும் எங்கள் பகுதியினருக்கு அக்கதை சட்டென்று ஒட்டிக்கொள்ளும். யோசுவா சீகேமில் உடன்படிக்கைக்குச் சாட்சியாகக் கல்லை நாட்டியது ஒரு கர்வாலி மரத்தின் அடியில். சங்கிலியாரைப் பிரியேன் என்று சுந்தரர் சத்தியம் செய்தது திருவொற்றியூர்க் கோயிலின் மகிழ மரத்தடியில். இரண்டு மரமும் சாட்சிக்காகவே நினைக்கப்படுகின்றன. சாகவேண்டும் என்று எலியா சோர்ந்து விழுந்தபோது நிழல் தந்தது ஒரு சூரைச்செடி. எண்ணூர் முகத்துவாரத்தின் அலையாத்திகளில் நாம் பறித்துத் தின்னும் பழம் எதுவும் இல்லை. அவற்றின் வேரிடுக்குகளில்தான் மீன்குஞ்சும் இறால்குஞ்சும் வளர்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் அந்த வேர்களில் கறுப்பாகப் படிந்தபோது, இழப்பு என்னவென்று மீனவர்களுக்குத் தெரிந்தது.

நியாயாதிபதிகள் 9ஆம் அதிகாரத்தில் யோத்தாம் சொல்லும் கதையைத் தேர்தல் காலங்களில் வாசிக்கப் பரிந்துரைப்பேன். மரங்கள் தமக்கு ஓர் அரசனைத் தேடுகின்றன. ஒலிவம் மறுக்கிறது, தன் எண்ணெயை விட்டுவர மனமில்லை. அத்தி மறுக்கிறது, திராட்சையும் மறுக்கிறது. கடைசியில் முட்செடி ஒப்புக்கொண்டு, என் நிழலில் வந்து ஒதுங்குங்கள், இல்லையேல் என்னிலிருந்து தீ புறப்படும் என்கிறது. முட்செடிக்கு ஏது நிழல்? அத்தையிடம் இதைச் சொன்னபோது அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

இத்தனைக்கும் பிறகு மறுபக்கத்தை மறைப்பது சரியன்று. குழந்தைகளைக் கனி என்று சொல்லும் வழக்கம் வேதத்தில் இருக்கத்தான் செய்கிறது. முதல் மனிதருக்குச் சொன்ன பலுகிப் பெருகும் ஆசீர்வாதம் எபிரேயத்தில் கனி கொடுத்தல் என்ற சொல்தான். கர்ப்பத்தின் கனி என்று சங்கீதம் 127 சொல்கிறது. அடுத்த சங்கீதம் மனைவியைக் கனிதரும் திராட்சைக் கொடிக்கும் பிள்ளைகளை ஒலிவக் கன்றுகளுக்கும் ஒப்பிடுகிறது. சாராளும் ராகேலும் அன்னாளும் பிள்ளைக்காக அழுத அழுகையை அந்நூல் விரிவாகவே பதிவு செய்திருக்கிறது. அக்காலத்தில் பிள்ளையில்லாத பெண்ணுக்கு முதுமையில் சோறு யார் போடுவது என்பது உண்மையான கேள்வி. பேரீச்சையின் பெயரையே தாங்கிய தாமார், பிள்ளையில்லாத விதவையாகப் புகுந்த வீட்டாரால் கைவிடப்பட்டு எரிக்கப்படும் தறுவாய்வரை சென்றவள். மத்தேயு இயேசுவின் வம்ச அட்டவணையில் அவள் பெயரைச் சேர்த்தார் என்பது ஓர் ஆறுதல். ஆனால் அவளுக்கும் இறுதியில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள். என் அத்தைக்கு அக்கதைகள் எதுவும் உதவவில்லை. எல்லாருக்கும் கடைசியில் பிறந்துவிடுகிறதே என்று அவர் சொன்னபோது என்னிடம் பதில் இல்லை.

பதில் ஏசாயா 56ஆம் அதிகாரத்தில் கிடைத்தது. அங்கே பேசப்படுபவன் அண்ணகன், அதாவது ஆண்மை நீக்கப்பட்டவன். அவனுக்குப் பிள்ளை பிறக்கவே முடியாது. உபாகமச் சட்டப்படி கடவுளின் சபையில் அவனுக்கு இடமும் இல்லை. அவன் தன்னைப் 'பட்டமரம்' என்று சொல்லிக்கொள்ள வேண்டாம் என்கிறார் கடவுள். தமிழ் வேதாகமம் அந்தச் சொல்லையே வைத்திருக்கிறது. பட்டமரம் தளிர்த்தது போல என்று நாம் சொல்வோமே, அதே பட்டமரம். அவனுக்குக் குழந்தை பிறக்கும் என்று இங்கே வாக்குறுதி இல்லை. ஓய்வுநாளைக் காத்து, உடன்படிக்கையைப் பற்றிக்கொண்டு நடந்தால், தம் ஆலயத்தின் மதில்களுக்குள்ளே குமாரரையும் குமாரத்திகளையும்விட மேலான ஓர் இடமும் ஒரு பெயரும் தருவதாகச் சொல்கிறார். மரம் தளிர்க்கவில்லை. பட்டமரம் என்ற பட்டம்தான் பறிக்கப்படுகிறது. ஏசாயாவின் 53ஆம் அதிகாரத்தை ஓர் எத்தியோப்பிய அண்ணகன் தேரில் அமர்ந்து வாசித்துக்கொண்டிருந்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. இன்னும் மூன்றே அதிகாரம் தள்ளி அவனைப் பற்றியே எழுதியிருந்தது. வழியில் அவன் அதையும் வாசித்திருப்பான் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

'இடமும் பெயரும்' என்பதற்கு அந்த வசனத்தில் உள்ள எபிரேயச் சொற்கள் 'யாத் வஷேம்'. நாஜிகள் கொன்ற அறுபது லட்சம் யூதருக்காக எருசலேமில் 1953இல் நிறுவப்பட்ட நினைவகத்தின் பெயர் அதுவே. பெயர் சொல்லப் பிள்ளைகள்கூட மிஞ்சாமல் மாண்டவர்களுக்கு அந்த வசனத்திலிருந்து பெயர் எடுத்தார்கள். தம் உயிரைப் பணயம் வைத்து யூதரைக் காப்பாற்றிய பிற இனத்தாரின் நினைவாக 1962 முதல் அங்கே மரம் நட்டார்கள். ஒவ்வொரு மரத்தின் அருகிலும் ஒரு பெயர். அந்தச் சாலையோரத்து மரங்கள் பெரும்பாலும் கரோப். தமிழில் தவிடாகிப்போன, பன்றித்தீனியாகக் கருதப்பட்ட அதே நெற்றின் மரம். கரோப் நட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதரைப் பற்றித் தல்மூதில் ஒரு கதை உண்டு. இது காய்க்க எழுபது ஆண்டாகுமே, நீ உண்பாயா என்று வழிப்போக்கர் ஒருவர் கேட்கிறார். நான் பிறந்தபோது கரோப் மரங்கள் நின்றன. எனக்காக முன்னோர் நட்டதுபோல் நான் பின்வருவோருக்காக நடுகிறேன் என்கிறார் அவர்.

சிலுவையை மரம் என்றே சொல்வது புதிய ஏற்பாட்டின் வழக்கம் என்பதையும், வெளிப்படுத்தின விசேஷத்தின் இறுதியில் வரும் ஜீவவிருட்சம் மாதந்தோறும் கனிதருவதோடு அதன் இலைகள் மக்களினங்களின் நோய் தீர்க்கும் என்பதையும் சொல்லத் தொடங்கினால் இன்னொரு கட்டுரை ஆகும். அந்த இலை என்னும் சொல்லை மட்டும் அத்தை பிடித்துக்கொண்டார். கனியைப் பற்றியே பேசுகிறவர்கள் இலையைப் பற்றி ஏன் பேசுவதில்லை என்றார். குருத்தோலை ஞாயிறன்று எங்கள் பகுதி ஆலயங்களில் தென்னங்குருத்தைச் சிலுவையாக மடிப்பவர்களில் அவரும் ஒருவர். பேரீச்சை ஓலை எருசலேமுக்கு, தென்னங்குருத்து எங்களுக்கு. கையில் பத்து விரலும் இருக்கும்வரை மடிப்பேன் என்பார். மடித்த ஓலை ஆண்டு முழுவதும் வீட்டுப் படங்களுக்குப் பின்னால் காய்ந்து கிடக்கும். பிறகு சாம்பல் புதனுக்குச் சாம்பலாகும்.

அடுத்த ஜெபக்கூட்டத்தை எங்கள் வீட்டில் வைக்கப்போவதாகத் தெருவில் சொல்லிவிட்டார். போதகர் யாரும் வேண்டாமாம். ஏசாயா 56ஐ அவரே வாசிப்பாராம். எழுத்து சிறிதாக இருக்கிறது என்று பக்கத்தைப் பெரிதாக நகலெடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.